சோக்கில் மட்டும் ஓடும் குட்டி வண்டி

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் இருக்கிறோம். சென்ற கோடையில் 7 வயது மகனுக்குப் மண்பாதையில் ஓட்டும் சிறுவர் பைக்கான பழைய ஹோண்டா சிஆர்எஃப் 50 ஒன்றும், 11 வயது மகளுக்கு 2020 மாடல் சிஆர்எஃப் 110 ஒன்றும் வாங்கினோம். நான்கைந்து முறை ஹாலிஸ்டர் ஹில்ஸ் மண்பாதைகளுக்குப் போய்வந்தோம். அக்டோபரில் கராஜில் நிறுத்திய வண்டிகளை ஏப்ரலில்தான் மறுபடி எடுத்தோம். பெரியது உடனே கிளம்பிவிட்டது. சின்னதோ பத்துப் பதினைந்து முறை உதைத்த பிறகு சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது. சோக்கை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. கடையில் காட்டினால், கார்புரேட்டரை மாற்றி, என்ஜினையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது, விற்றுவிடலாம்" என்கிறார் கணவர். நானே ஏதாவது செய்ய முடியுமா? இந்த வண்டிகளுக்கு எவ்வளவு பராமரிப்பு தேவை?

பதில்: கடைக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். வண்டியையும் விற்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். சோக் என்பது அதற்குள் போகும் காற்றைக் குறைக்கும் தகடு. காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோல் கூடும். அப்படிக் கூடுதலாக ஊட்டினால்தான் வண்டி ஓடுகிறது என்றால், சாதாரண நிலையில் அதற்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காமல் ஓடும்போது, பெட்ரோல் வருவது பைலட் ஜெட் என்ற சிறு பித்தளைத் துண்டின் வழியாக. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தங்கும் பெட்ரோல் சில கரண்டிதான். ஆறு மாதத்தில் அதன் லேசான பகுதி ஆவியாகி, மிச்சம் பிசுபிசுப்பான மஞ்சள் பசையாகி அந்தத் துளையை அடைத்துவிடும். போதாததற்கு, உங்கள் ஊர்ப் பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு எத்தனால். அது காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

அதே கராஜில் நின்ற 110 மட்டும் எப்படிக் கிளம்பியது என்று நினைத்திருப்பீர்கள். 2019 முதல் அந்த மாடலில் கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் ஃப்யூவல் இன்ஜெக்ஷன். அதில் பெட்ரோல் திறந்த கிண்ணத்தில் நிற்பதில்லை. ஒரே குளிர்காலத்தைத் தாங்கிய இரண்டு வண்டிகளில் கார்புரேட்டர் உள்ளது மட்டும் படுத்திருக்கிறது. என் கண்ணுக்கு இது என்ஜின் நோயாகத் தெரியவில்லை.

இன்னொரு ஆறுதல்: அந்தக் குட்டி என்ஜின் உங்களுக்கு அந்நியமானதில்லை. 1958இல் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப்பின் படுத்த சிலிண்டர் வம்சம் அது. நம் ஊரில் சிடி 100, ஸ்பிளெண்டர் எல்லாம் அதே வம்சம்தான். மரத்தடி மெக்கானிக் நான்கு ஸ்பேனரை வைத்துக்கொண்டு மதியத்துக்குள் முடித்துக்கொடுத்த வேலை இது.

இனி வேலைக்கு வருவோம். வண்டியைக் கராஜுக்கு வெளியே தள்ளிச் செல்லுங்கள். உங்கள் பகுதி வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் பெரும்பாலும் கராஜில்தான் இருக்கும். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள அதற்குள் எரியும் சிறு சுடர் போதும். பெட்ரோல் வால்வை மூடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். நல்ல பெட்ரோல் தெளிவாக இருக்கும். பழையது தேநீர் நிறத்தில், வார்னிஷ் வாசனையோடு வரும். டேங்கில் இருப்பதையும் வடித்துவிட்டுப் புதிய பெட்ரோல் ஊற்றி ஒருமுறை முயன்று பாருங்கள். அடைப்பு லேசானதாக இருந்தால் ஐந்தாறு நிமிட ஓட்டத்திலேயே கரைந்துவிடலாம்.

கரையாவிட்டால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதுதான். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டையாகிப் பரணில் போட்ட இட்லித் தட்டு இருந்தால் எடுத்துவாருங்கள். கழற்றிய வரிசையில் குழிக்கொன்றாகத் திருகுகளைப் போட்டுவைக்க அதைவிட நல்ல பாத்திரத்தை நான் கண்டதில்லை. ஒரு எச்சரிக்கை: ஜப்பானிய வண்டிகளில் நட்சத்திரத் தலைத் திருகுகள் பார்க்க பிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் வேறு அளவுமுறை. சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் தலை மழுங்கிப்போகும். ஜப்பானியத் தர அளவான ஜேஐஎஸ் ஸ்க்ரூ டிரைவர் என்று கேட்டு வாங்குங்கள்.

கிண்ணத்தைத் திறந்தால் நடுவில் மெயின் ஜெட், பக்கத்தில் பைலட் ஜெட். சரியான அகலமுள்ள தட்டை ஸ்க்ரூ டிரைவரால் பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஊசிமுனை அளவில் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால், அல்லது பிறை போலத் தெரிந்தால், திருடன் அகப்பட்டுவிட்டான். கார்புரேட்டர் கிளீனரை அடித்து ஊறவிடுங்கள். ஊசி, கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். பித்தளை மிருதுவானது, துளை பெரிதாகிவிட்டால் வேறு ஜெட்தான் வாங்க வேண்டும். பிரஷ்ஷின் நைலான் இழை ஒன்று போதும். கழற்றவே வராததுபோல் தோன்றினால் பலம் காட்டாமல், இருந்த இடத்திலேயே கிளீனரை அடித்து, காற்றால் ஊதுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எங்கே அடித்தாலும் அந்தத் திரவம் வேறொரு துளை வழியாக முகத்துக்கு வரும். பக்கவாட்டில் இருக்கும் கலவைத் திருகைத் தொட வேண்டாம்.

இதற்குப் பிறகும் சோக்கை எடுத்தால் அணைகிறதா? கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வளையம் வெடித்துக் காற்று கசிகிறதா என்று பாருங்கள். அடுத்தது என்ஜினுக்குள் இருக்கும் வால்வுகளின் இடைவெளி. இந்த என்ஜினுக்கு 0.05 மில்லிமீட்டர், ஆறிய நிலையில் அளக்க வேண்டும். பழைய வண்டி என்பதால் எப்படியும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, சோதித்து, என்ஜினைப் பிரிக்கலாமா என்று யோசிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். கடைக்காரர் அந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

பராமரிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் அனுமதி என்றால் ஏர் ஃபில்டரைச் சொல்வேன். ஹாலிஸ்டரின் கோடைத் தூசி மாவு போல நைசானது. முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதியைப் பின்னால் வரும் உங்கள் மகனின் என்ஜின்தான் குடிக்கிறது. ஃபில்டர் என்பது எண்ணெயில் நனைத்த ஃபோம். எண்ணெய்தான் தூசியைப் பிடிக்கிறது. உலர்ந்த ஃபோம் வடிகட்டி ஆகாது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழற்றி, வெந்நீரில் பாத்திர சோப்பு கலந்து, பிழியாமல் அமுக்கி அமுக்கி அலசுங்கள். பிழிந்தால் ஒட்டிய இடங்கள் பிரிந்துவிடும். பெட்ரோலில் அலச வேண்டாம். முழுக்க உலர்ந்த பிறகு ஃபில்டர் எண்ணெய் விட்டு, பஜ்ஜிக்கு மாவு தோய்ப்பது போல எல்லா இடமும் ஒரே நிறமாகும் வரை பிசையுங்கள். மாட்டுவதற்கு முன், ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் ஃபில்டரைத் தாண்டி என்ஜினுக்குள் தூசி போய்க்கொண்டிருக்கிறது. பழைய வண்டி வாங்கும்போதே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். விற்பவர் ஒரு மணி நேரம் பேசி மறைப்பதை அந்தத் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

தூசி குழந்தைக்கும் ஆகாது. ஹாலிஸ்டர் இருக்கும் அதே சான் பெனிட்டோ கவுண்டியில் உள்ள கிளியர் க்ரீக் பகுதியை, மண்ணில் இயற்கையாகவே ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால் 2008இல் மத்திய அரசின் நிலத்துறை மூடியது. எல்லா மண்ணும் அப்படியில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்குள் இடைவெளி விட்டு ஓட்டச் சொல்லுங்கள். புழுதி படிந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

அடுத்து ஆயில். சிஆர்எஃப் 50இல் காகித ஆயில் ஃபில்டரே கிடையாது. உள்ளே ஒரு வலைதான். இருப்பதோ ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில், என்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் அதுவேதான். ஆகவே நான்கைந்து பயணத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். செலவு ஒரு பீட்சா அளவுகூட வராது. டப்பாவில், ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கு ஏற்றது என்று காட்டும் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்ற முத்திரை வேண்டும். காருக்கென்று வரும், எரிபொருளை மிச்சப்படுத்தும் வகை ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும். கணவர் காருக்கு வாங்கிய மிச்ச டப்பாவை அலமாரியில் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள்.

செயின், பிரேக் கேபிள், 110இன் ஆரக்கம்பிகள் எல்லாம் கிளம்பும் முன் ஐந்து நிமிட வேலை. அளவுகள் கையேட்டில் இருக்கின்றன. சைலன்சரை மட்டும் கவனியுங்கள். காட்டுத்தீயைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். 1986 முதல் வந்த வண்டிகளுக்குச் சத்தமும் 96 டெசிபலைத் தாண்டக் கூடாது. முந்தைய உரிமையாளர் 'சவுண்டுக்காக' வேறு குழாய் மாட்டியிருந்தால், பழையதைக் கேட்டு வாங்கி மாட்டிவிடுங்கள். மண்பாதை வண்டிகளுக்குக் கலிஃபோர்னியா தரும் பதிவு அடையாளமான பச்சை ஸ்டிக்கர் காலாவதியாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடியில் ஆக்சிலேட்டர் அருகே ஒரு சிறு திருகு இருக்கும். அதை உள்ளே திருகினால் பையன் எவ்வளவு முறுக்கினாலும் ஓரளவுக்கு மேல் வேகம் எடுக்காது. முதல் ஆண்டு அதை வைத்தே ஓட்டட்டும். சின்ன வண்டியின் எடைத் தாங்குதிறன் 40 கிலோ. விருந்துக்கு வரும் மாமாக்களும் சித்தப்பாக்களும் 'ஒரே ஒரு ரவுண்டு' கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். மகள் 110இல் உட்கார்ந்தால் இரண்டு முன்பாதமும் தரையில் படுகிறதா? பட்டால் போதும். பெரியவர்களின் ஹெல்மெட்டைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். தளர்வாகவும் இருக்கும், அந்தக் கழுத்துக்குக் கனமாகவும் இருக்கும்.

மொத்தத்தில், ஒவ்வொரு பயணத்துக்கும் வீட்டில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். அதையும் நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. 11 வயதுப் பெண்ணுக்கு ஃபில்டர் அலசவும் செயினுக்கு எண்ணெய் விடவும் நன்றாகவே வரும். பையனிடம் டயர் காற்று மானியைக் கொடுங்கள்.

வருகிற அக்டோபரில், கடைசிப் பயணம் முடிந்து வண்டிகளை டிரெய்லரில் ஏற்றுவதற்கு முன், சின்ன வண்டியின் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு என்ஜினை ஓடவிடுங்கள். கிண்ணத்திலிருப்பது தீர்ந்ததும் இருமி அணையும். அந்த வால்வை மூடும் வேலை மகனுடையதாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் அடித் திருகைத் திறந்து மிச்சத் துளிகளையும் வடித்துவிடுங்கள். 110இன் டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். அதன் பேட்டரிக்கு மட்டும் மாதம் ஒருமுறை சார்ஜர் மாட்டினால் போதும்.