அந்தக் கூட்டம் ஒத்துவரவில்லை, மறுபடி போகத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. பல வருடங்களாக யாருக்கும் தெரியாமல் குடித்துவந்தேன். மருத்துவரின் உதவியோடு நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. அவர் சொல்லித்தான், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஒரு ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனேன். அறையில் நான் ஒருத்திதான் பெண். பேசியவர்கள் எல்லாரும் என் அப்பா வயதுக்காரர்கள். வார்த்தைக்கு வார்த்தை கடவுள் வந்தார், எனக்கோ நம்பிக்கை கிடையாது. வாயே திறக்காமல் வந்துவிட்டேன். 'ஒரு தடவையில் என்ன தெரியும், மறுபடி போய்ப் பார்' என்கிறார் கணவர். எனக்கு ஏற்ற குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மறுபடி போங்கள், சகோதரி. ஆனால் அதே அறைக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை.

ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில், குடியோடு போராடிய இரண்டு பேர் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது. ஒருவர் பங்குச்சந்தையில் வேலை பார்த்தவர், மற்றவர் அறுவை சிகிச்சை மருத்துவர். இன்றுவரை ஒவ்வொரு குழுவும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. அதனால் ஒரே ஊரில் இருக்கும் இரண்டு குழுக்கள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்றில் பிரார்த்தனை அதிகம் இருக்கும், இன்னொன்றில் அன்றாடச் சிக்கல்களைத்தான் பேசுவார்கள். நீங்கள் பார்த்தது ஒரு குழுவின் ஒரு மாலை மட்டுமே.

பேசாமல் வந்ததற்காக வருந்தாதீர்கள். 'இன்று கேட்க மட்டும் வந்தேன்' என்று சொன்னால் யாரும் வற்புறுத்தக் கூடாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் அங்கே சேரத் தகுதி. கட்டணம் கிடையாது.

கடவுள் விஷயத்துக்கு வருகிறேன். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த 12 படிகளில், 'நாம் புரிந்துகொண்ட விதத்தில்' கடவுள் என்றுதான் இருக்கிறது. அந்தப் படிகள் சொல்லும் 'தங்களைவிடப் பெரிய சக்தி'யாகத் தங்கள் குழுவையே எடுத்துக்கொண்டு குடியிலிருந்து மீண்ட நம்பிக்கையற்றவர்கள் நிறையப் பேர் உண்டு. உங்களால் அப்படி முடியாவிட்டால் நடிக்க வேண்டாம். ஸ்மார்ட் ரெகவரி என்று ஓர் அமைப்பு 1994 முதல் இயங்குகிறது. அதில் கடவுள் பேச்சே கிடையாது. குடிக்கத் தூண்டும் எண்ணம் வரும்போது என்ன செய்வது, அந்த எண்ணத்தை எப்படிக் கேள்வி கேட்பது என்று, பயிற்சி பெற்ற ஒருவர் நடத்த, உளவியல் சிகிச்சை முறைகளை வைத்துப் பேசுவார்கள். பெண்களுக்கென்றே 1970-களில் தொடங்கிய விமன் ஃபார் சொப்ரைட்டியும் இருக்கிறது. இரண்டுக்கும் இணையவழிக் கூட்டங்கள் உண்டு.

ஏ.ஏ.யிலும் பெண்கள் மட்டுமே கூடும் குழுக்கள் இருக்கின்றன. உங்களுக்கு முதலில் நான் சொல்வது அதைத்தான். குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடித்ததை, போதையில் தனக்கு நேர்ந்த கொடுமையை, ஆண்கள் நிறைந்த அறையில் எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்? சொல்ல முடியாததுதான் பெரும்பாலும் திரும்பக் குடிக்க வைக்கிறது. உங்களை வழிநடத்த, ஸ்பான்ஸர் எனப்படும் மூத்த உறுப்பினர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போதும், பெண்ணாகவே பாருங்கள். ஏ.ஏ.யில் வழக்கமும் அதுதான்.

இன்னொன்றையும் நீங்கள் மனதைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மனிதர்கள் பிடிக்கவில்லையா, அல்லது அவர்கள் கதையில் நம் கதையும் கேட்டது பிடிக்கவில்லையா? ஆரம்ப வாரங்களில் மனம் போகாமல் இருக்கக் காரணம் தேடும். அதனால் ஒரு குழுவை ஒரே நாளில் தள்ளிவிடாமல் சில தடவை போய்ப் பாருங்கள். கூட்டம் முடிந்ததும் புதிதாக வந்தவரிடம் யாராவது வந்து பேசுகிறார்களா? பல வருடம் குடிக்காமல் இருப்பவர்களும் தொடர்ந்து வருகிறார்களா? இவை இரண்டும் இருந்தால் நல்ல குழு.

மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆள் இருந்தால், அவர் பேச்சைக் கேட்கவே வேண்டாம். உறுப்பினர்கள் மருத்துவர் மாதிரி ஆலோசனை சொல்லக் கூடாது என்று ஏ.ஏ.யே சொல்கிறது. தனியாகச் சந்திக்கச் சொல்லி யாராவது நச்சரித்தால் அந்தக் குழுவை விட்டு வந்துவிடுங்கள், தயக்கமே வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள்ளேயே வலிப்பு வரலாம், அப்புறம் சித்தப்பிரமை வரலாம். உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு அலைய வேண்டுமா என்று தோன்றும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, ஏ.ஏ.யில் ஈடுபட வைக்கும் முறையான சிகிச்சைகளைப் பெற்றவர்களில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள், மற்ற சிகிச்சைகளைப் பெற்றவர்களைவிட அதிகம் என்று சொல்கிறது. அலைச்சலுக்குப் பலன் உண்டு.

கணவர் துணைக்கு வர விரும்பினால் 'திறந்த கூட்டம்' எது என்று விசாரியுங்கள். அதற்கு யாரும் வரலாம். 'மூடிய கூட்டம்' குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். குடும்பத்தினருக்கென 1951 முதல் அல்-அனான் இருக்கிறது, அவருக்கும் பேச ஓர் இடம் வேண்டுமே.

இந்த வாரமே அந்தப் பழைய குழுவுக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய், நடத்துபவரிடம் 'பெண்கள் எந்தக் கூட்டத்துக்கு வருகிறார்கள்?' என்று கேளுங்கள். பக்கத்துக் குழுக்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இடையில் ஒரு நாள் தவறிக் குடித்துவிட்டாலும் போவதை நிறுத்தாதீர்கள், மருத்துவரிடமும் மறைக்காதீர்கள்.