கும்பகோணத்தில் இரண்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து மகளும் மருமகனும் வருகிறார்கள். கும்பகோணத்தில் இரண்டு நாள் தங்குகிறோம். இருவருக்கும் சாமி கும்பிடுவதைவிடக் கலையில்தான் ஆர்வம். எழுபதைக் கடந்த என் கணவரும் உடன் வருகிறார். எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் நவக்கிரகச் சுற்றை விட்டுவிடுங்கள். ஒன்பது ஊருக்கும் ஓடினால் ஒரு பகல் முழுவதும் காரிலேயே போய்விடும். உங்கள் பிள்ளைகள் பார்க்க விரும்புவது அதுவும் அல்ல.

இந்த ஊரில் திட்டத்தைக் கெடுப்பது நடுப்பகல்தான். பன்னிரண்டு மணியை ஒட்டிக் கோயில் நடை சாத்தினால், பெரும்பாலும் மாலை நான்குக்குத்தான் திறப்பார்கள். வெளியூர்க்காரர்கள் அறைக்குத் திரும்பிப் படுத்துவிடுகிறார்கள். பட்டறைகளுக்குப் போக அதுதான் நல்ல நேரம். காலையில் கல், பகலில் உலோகமும் தறியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை, வெயில் ஏறுவதற்குள் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தேர் மண்டபத்தைப் படம் எடுத்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கருவறைச் சுவரின் அடிப்பகுதிக்குப் போய்க் குந்தி உட்காருங்கள். நாயன்மார் கதைகள் சிறுசிறு சிற்பங்களாக வரிசையாக ஓடும். சுந்தரர் பாட, முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளிப்படும் காட்சியைத் தேடிப் பிடியுங்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பமும் உண்டு. ஓர் உடலைக் கையால் மறைத்தால் மற்றது தெரியும். கல்தரை சுடும், உங்கள் கணவருக்குக் காலுறை கட்டாயம்.

அங்கிருந்து, உலோகச் சிலை வார்க்கும் பட்டறைகள் உள்ள சுவாமிமலை. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து சிலையை உருவாக்கி, மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்துச் சூடேற்றுவார்கள். மெழுகு உருகி வெளியேற, அந்த இடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். பிறகு மண் அச்சை உடைத்தால்தான் சிலை கிடைக்கும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. அளவெடுக்க மடித்த தென்னை ஓலை நறுக்குதான் கருவி. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், ஸ்தபதிகள் மகிழ்ச்சியோடு விளக்குவார்கள்.

வாங்குவதானால் ஓர் எச்சரிக்கை. நூறாண்டு பழமையான சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல 1972ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே பழையதுபோல் கறுக்க வைத்த சிலை வேண்டாம். புதியதை வாங்கினாலும் பில்லோடு, பழம்பொருள் அல்ல என்ற தொல்லியல் துறைச் சான்றிதழுக்கும் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் வாதாட வேண்டியிருக்காது.

இரண்டாம் நாள் காலை ஊருக்குள்ளேயே நாகேசுவரன் கோயில். முற்காலச் சோழர் பணி, தாராசுரத்துக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு மூத்தது. கருவறைச் சுவரின் மாடங்களில் சிற்பங்களாக நிற்கும் ஆண்களும் பெண்களும் யார் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் தாராசுரத்தைவிட இதைத்தான் சொல்வேன். அருகில் ராமசுவாமி கோயில்: நாயக்கர் காலத் தூண்கள், சுவரில் ராமாயண ஓவியங்கள். பகலில் திருபுவனத்துப் பட்டுத் தறியோ நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறையோ, ஒன்று போதும். மாலையில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டுக்குக் கால்மணி நேரம்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்று எழுதவில்லை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். கோடையில் வந்தால் காவிரியில் மணல்தான் இருக்கும். பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.