பயிற்சியும் இடுப்புப் பட்டையும் கொடுத்த பிறகும், கனமான பாகங்களை நகர்த்தும் தொழிலாளர்களுக்கு முதுகுவலி குறையவில்லை. வேறு என்ன செய்யலாம்?

உற்பத்திக் கூடங்களில் பல ஆண்டுகள் மேற்பார்வைப் பணியில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் செய்த இரண்டையும் நாங்களும் செய்தோம். எங்களுக்கும் வலி குறையவில்லை. இடுப்புப் பட்டை, ஏற்கெனவே நலமாக இருக்கும் தொழிலாளியைக் காயத்திலிருந்து காக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க அரசின் பணிப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நையோஷ் (NIOSH) 1994லேயே அறிவித்துவிட்டது. “முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை” என்ற பயிற்சியும் பெட்டி இரு முழங்கால்களுக்கு இடையில் அடங்கினால்தான் உதவும். அகலமான பெட்டியின் முன் குந்தினால் முழங்கால்களே அதை உடலிலிருந்து தள்ளி நிறுத்துவதால், முதுகின் சுமை கூடவே செய்கிறது.

எடையைக் காட்டிலும் தொலைவைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். முதுகை நிமிர்த்தும் தசைகள் முதுகெலும்பின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தள்ளியே இருக்கின்றன. ஆகவே 50 செ.மீ. முன்னால் பிடித்திருக்கும் 18 கிலோ பெட்டியைத் தாங்க அத்தசைகள் பத்து மடங்கு, அதாவது 180 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்த மேலுடலின் எடை இதற்கு மேல் தனி. இந்த இழுவிசை முழுவதும் கீழ்முதுகின் எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டுகளை அழுத்துகிறது.

நையோஷின் திருத்தப்பட்ட தூக்குச் சமன்பாடு இதையே கணக்காகத் தருகிறது. எல்லாம் சாதகமாக இருக்கும்போது அது ஏற்கும் உச்ச எடை 23 கிலோ. கணுக்கால்களின் நடுவிலிருந்து கைப்பிடி வரை 50 செ.மீ. இருந்தால் அது பாதியாகிறது. தரை மட்டத்திலிருந்து 75 செ.மீ. உயரத்துக்குத் தூக்கினால் மேலும் குறைந்து 8 கிலோவுக்கும் கீழே வந்துவிடுகிறது. பிடி நன்றாக இருந்து, எப்போதாவது ஒரு முறை மட்டும் தூக்கினாலும் இதுதான் வரம்பு. உடலைத் திருப்பிக்கொண்டோ அடிக்கடியோ தூக்கினால் இன்னும் குறையும். அதே பெட்டியை இடுப்புயர மேசையில் 30 செ.மீ. தொலைவில் வைத்து, அதிகம் உயர்த்தாமல் நகர்த்தினால் 19 கிலோ வரை ஏற்கத்தக்கது. 18 கிலோ எடையில் ஒரு கிராமும் குறைக்காமல் வேலை வரம்புக்குள் வந்துவிடுகிறது. ஆகவே பேலட்டை, அதாவது சரக்கை அடுக்கும் தட்டை, தரையில் வைக்காமல் உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய சிசர் லிஃப்ட் மேசையில் ஏற்றுவதும், அது சுழலும்படி அமைத்து எட்டிப் பிடிக்கும் தேவையை நீக்குவதும், ஆழமான தொட்டிகளுக்குப் பக்கவாட்டில் திறக்கும் கதவு வைப்பதும் பயிற்சி வகுப்பைவிடப் பயன் தரும்.

கருவி வாங்கிவிட்டால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் கூடத்தில் ஒரு ஹாய்ஸ்ட் (கொக்கியில் மாட்டிச் சுமை தூக்கும் கருவி) மாதக்கணக்கில் தூசி படிந்து தொங்கியது. ஆபரேட்டர்கள் பிடிவாதக்காரர்கள் என்றுதான் நான் உட்பட எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். பிறகு ஒரு ஷிஃப்ட் முழுவதும் பக்கத்தில் நின்று பார்த்தேன்: கொக்கியை மாட்டித் தூக்கி இறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது, கையால் தூக்கினால் சில வினாடிகளே. உற்பத்தி இலக்கோ கையால் தூக்கும் வேகத்தில் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. கொக்கிக்குப் பதிலாகப் பாகத்தின் வடிவத்துக்கேற்ற கவ்வியைப் பொருத்தி, இலக்கையும் திருத்திய பிறகே அது பயன்பாட்டுக்கு வந்தது. கவ்வியின் வடிவத்தைச் சொன்னதும் அந்த ஆபரேட்டர்களில் ஒருவர்தான்.

தூக்குவதற்குப் பதில் தள்ளுவதாக மாற்றினால் முதுகுக்கு நல்லது. ஆனால் ட்ராலியை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைத் தள்ளுவதைவிட, நின்ற வண்டியை அசைப்பதற்குத்தான் அதிக விசை தேவைப்படுகிறது. தோளும் முதுகும் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த முதல் உந்தலில்தான். ஒரு சுருள்வில் தராசைக் கைப்பிடியில் மாட்டி இழுத்துப் பார்த்தாலே எந்த வண்டி பழுது என்று தெரிந்துவிடும். சிறிய சக்கரம் தரையின் ஒவ்வொரு வெடிப்பிலும் முட்டிக்கொள்ளும். பெரிய சக்கரம் எளிதில் ஏறிக் கடக்கும். சுழல் சக்கரங்கள் பக்கவாட்டில் திரும்பி நின்றாலும் தொடக்க விசை வெகுவாகக் கூடும். சக்கரத்தில் சுற்றிய நூலையும் உலோகச் சீவலையும் அகற்றுவதற்குச் செலவே இல்லை என்பதாலோ என்னவோ, பராமரிப்புப் பட்டியலில் அது இடம்பெறுவதே இல்லை. இழுப்பதைவிடத் தள்ளுவதே மேல். இழுக்கும்போது கை பின்னால் முறுக்கிக்கொள்வதோடு, வண்டி குதிகாலிலும் ஏறக்கூடும். சரிவிலோ நீண்ட தொலைவுக்கோ போவதானால் மின்சார இழுவை வண்டியே சரி.

தொழிலாளர்களை வேலை மாற்றி மாற்றி அமர்த்தும் பணிச்சுழற்சியும் உதவலாம், அடுத்த இடத்தில் அதே தசைக்கு வேலை இல்லாதிருந்தால். இருவர் சேர்ந்து தூக்கினால் இரு மடங்கு தூக்கலாம் என்று கணக்கிடாதீர்கள். இருவரின் தனித்தனித் திறனைக் கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும், மூவராயின் பாதியை.