பாலக்காட்டில் இரண்டு நாள்: எதைச் சாப்பிடுவது, எதை விடுவது?

கேள்வி: கோவையிலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாள் காரில் பாலக்காடு போகிறோம். எழுபது வயது அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். அம்மா சைவம், படி ஏறச் சிரமப்படுவார். எனக்கோ பிரியாணி இல்லாமல் பயணம் நிறையாது. மலம்புழாவைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. பார்க்கும் இடங்களை முதலில் எழுதிவிட்டுச் சாப்பாட்டை இடையில் செருகாதீர்கள். பாலக்காட்டில் நல்ல சாப்பாட்டுக்கு நேரம் உண்டு. அதைத் தவறவிட்டால் எங்கும் கிடைக்கும் பரோட்டாதான் மிஞ்சும்.

சனிக்கிழமை வீட்டில் காபியோடு கிளம்பிவிடுங்கள். வாளையாறு தாண்டி, புதுசேரிப் பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்தால் ராமசேரி. காஞ்சிபுரத்திலிருந்து குடியேறியதாகச் சொல்லப்படும் முதலியார் குடும்பங்கள் இங்கே இட்லி சுடுகிறார்கள். மண்பானையின் வாயில் கயிற்றுப் பின்னல், அதன்மேல் ஈரத் துணி, அதில் மாவு. குழித்தட்டு இல்லாததால் இட்லி தோசைபோல் தட்டையாக வரும், ஆனால் மெத்தென்றிருக்கும். சாம்பாரைத் தள்ளிவைத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் விட்ட பொடியோடு சாப்பிடச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

அங்கிருந்து நேரே கல்பாத்தி. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த விசுவநாதர் கோயில், ஆற்றங்கரை, இருபுறமும் ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் அக்ரகாரத் தெருக்கள். முற்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள், ஆகவே தாமதிக்க வேண்டாம். உங்களுக்கு ஒரு வேட்டி எடுத்து வையுங்கள். தெருவைப் பாருங்கள், திண்ணையில் இருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பேச்சு தமிழிலேயே நடக்கும். ஐப்பசித் தேர் சமயம் அழகுதான், ஆனால் முதியவரோடு அந்தக் கூட்டத்துக்குள் போக நான் சொல்ல மாட்டேன்.

பருப்பும் அரைத்த தேங்காயும் சேரும், புளி விடாத மொளகூட்டல்தான் இந்தத் தெருக்களின் அடையாளம். அது வீட்டுச் சமையல். ஹோட்டலில் தேடி ஏமாறாதீர்கள். ஓலன், காளன், புளியிஞ்சி என்று கேரளச் சைவப் பதார்த்தங்கள் வைக்கும் ஹோட்டலில் ஒரு மணிக்குள் இலையில் உட்காருங்கள். சிவப்பு மட்டா அரிசியா, வெள்ளைச் சோறா என்று கேட்பார்கள். அம்மாவுக்கு வெள்ளை, மட்டா பழகாதவருக்குக் கனமாக இருக்கும். வடாம், வற்றல், அப்பளம் வாங்குவதானால் கல்பாத்தியிலேயே வாங்குங்கள்.

வெயில் தாழ்ந்ததும் கோட்டை. 1766-இல் ஹைதர் அலி கட்டியது, திப்பு பெயரால் வழங்குகிறது. அகழியைச் சுற்றிச் சமதளத்தில் நடக்கலாம், பிள்ளைகள் ஓடலாம். மலம்புழாவுக்கு ஆசைப்பட்டால் கோட்டையை விட்டுவிடுங்கள். ஒரே மாலையில் இரண்டும் வேண்டாம். மலபார் அன்றைய சென்னை மாநிலத்தில் இருந்தபோது, 1955-இல் காமராஜர் திறந்துவைத்த அணை அது. அங்கே சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் வடித்த யட்சி சிலை ஆடையின்றி உட்கார்ந்திருக்கும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உங்களுக்கு நல்லது.

ஞாயிறு உங்கள் நாள். வந்த வழியே திரும்பாமல் புதுநகரம், கொல்லங்கோடு, கோவிந்தாபுரம், பொள்ளாச்சி என்று வாருங்கள். காலையில் கொல்லங்கோட்டு வயல்கள். மழைக்காலமென்றால் தென்மலைச் சரிவில் அருவிகள் வெள்ளைக் கோடுகளாக இறங்குவது சாலையிலிருந்தே தெரியும். அம்மா காரைவிட்டு இறங்க வேண்டியதுகூட இல்லை. நெல்லியாம்பதி மலையை இந்த முறை விடுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஆகாது.

பிரியாணிக்குப் புதுநகரம். தமிழ் பேசும் ராவுத்தர்கள் வாழும் ஊர். கொல்லங்கோட்டிலிருந்து சற்றுப் பின்னால் வர வேண்டும், பரவாயில்லை. கடையின் பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள், பகல் பன்னிரண்டரைக்கு எந்தக் கடையில் உள்ளூர்க்காரர்கள் பார்சலுக்கு நிற்கிறார்களோ அங்கே போங்கள். அம்மாவுக்கு மட்டும் காலையிலேயே ராமசேரி இட்லி ஒரு பொட்டலம் வாங்கி வைத்துவிடலாம், அல்லது வழியில் சைவக் கடையில் முன்னதாகச் சாப்பிடவைக்கலாம்.

ஜனவரிக்குப் பிறகு போனால், கொல்லங்கோடு தாண்டி வழியில் வரும் முதலமடையில் காரை நிறுத்துங்கள். நம் ஊர்ச் சந்தைக்கு மாம்பழம் வருவதற்கு முன்பே அங்கே அறுவடை தொடங்கிவிடும். கோடையென்றால் சித்தூர் வட்டாரப் பனைகளின் நுங்கு வழியெங்கும் கிடைக்கும். இருட்டுவதற்குள் பொள்ளாச்சியைத் தாண்டிவிடுங்கள். ஞாயிறு மாலை கோவைச் சாலையில் நெரிசல் அதிகம்.