முதியோர் இல்லங்களிலிருந்து வந்த பல், முரசுக் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கட்டுப்பல் பற்றியவை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே காலையில் தண்ணீர் உறைகிற மாதிரிக் குளிர். அதனால் ஐயாவின் கட்டுப்பல்லைக் கேத்தல் தண்ணீரில் கழுவிக் கொடுக்கிறோம். இப்போது மேல் செட் ஆடுகிறது, போட மறுக்கிறார். (நுவரெலியா)

கேத்தல் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். கட்டுப்பல்லின் அடித்தட்டு அக்ரிலிக், அதாவது ஒரு வகைப் பிளாஸ்டிக். கொதிநீர் பட்டால் அது கோணிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு கோணினாலும், அண்ணத்தோடு ஒட்டிப் பிடிக்கும் பிடி போய்விடும். திரும்பச் சூடாக்கி நேராக்கப் பார்க்காதீர்கள், மிச்சமும் கெடும். புறங்கையில் ஊற்றிப் பார்த்து இதமாக இருக்கும் தண்ணீர் போதும். ஐயாவின் உடம்பு அண்மையில் மெலிந்திருந்தால் முரசும் (ஈறும்) தாடை எலும்பும் தேய்ந்து செட் தளர்ந்திருக்கவும் கூடும். எதுவானாலும் பல் வைத்தியரிடம் காட்டி அடிப்பக்கத்தைப் புதுப்பிக்க முடியுமா, புதிதாகவே செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். அதுவரை மென்மையான சாப்பாடு கொடுங்கள். பஞ்சை அண்டை கொடுத்துப் போடவைக்காதீர்கள்.

கட்டுப்பல்லைப் பற்பசையால் துலக்கலாமா?

வேண்டாம். பற்பசையிலுள்ள மணிகள் அக்ரிலிக்கைக் கீறும், கீறலில் அழுக்கும் பூஞ்சையும் குடியேறும். சாதாரண சவர்க்காரமும் மென்மையான தூரிகையும் போதும். கழுவும்போது பேசினுக்குள் ஒரு துவாயை விரித்துக்கொள்ளுங்கள். கை வழுக்கி விழுந்தாலும் உடையாது.

எங்கள் இல்லத்தில் 14 பேருக்குப் பல்லே இல்லை. அவர்களுக்கு என்னத்தைத் துலக்குவது? சாப்பிட்ட பின் வாய் கொப்பளிக்கச் சொல்கிறோம், அது போதும்தானே? (தலவாக்கலை)

போதாது. இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது, ஒவ்வொரு முறையும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன். பல் போனால் வாய் போய்விடுவதில்லை. நாக்கு, அண்ணம், கன்னத்தின் உட்பக்கம், முரசு மேடு எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன. பக்கவாதம் வந்தவருக்கு, தளர்ந்த பக்கக் கன்னத்துக்குள் காலையில் சாப்பிட்ட ரொட்டி மாலைவரை அப்படியே இருக்கும். அவருக்கு அது தெரியாது, கொப்பளித்தாலும் வராது. அதில் பெருகும் கிருமி இரவில் எச்சிலோடு சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் இறங்கும். விழுங்குவதில் சிரமமுள்ள முதியவருக்கு நெஞ்சுச் சளிக்காய்ச்சல் வரும்போது "குளிர் பிடித்துவிட்டது" என்று மலையின் மேல் பழியைப் போடுகிறோம். வாயைத் திறந்து பார்ப்பவர் குறைவு.

குளிப்பாட்டியது, மலம் கழித்தது, படுக்கைப் புண் பார்த்தது எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது. வாய்க்கு மட்டும் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத வேலையை யாரும் செய்வதில்லை. நாளைக்கே ஒரு ரூல் தடி எடுத்து இரண்டு கட்டங்கள் கீறுங்கள்: காலை, இரவு.

செய்யும் முறை இதுதான். கட்டுப்பல் இருந்தால் முதலில் கழற்றுங்கள். கையுறை போட்டு, ஈரப்படுத்திய கோஸ் (காயம் கட்டும் வலைத்துணி) துண்டை விரலில் சுற்றி, முரசு மேடு இரண்டையும் பின்னிருந்து முன்னுக்குத் துடையுங்கள். பிறகு கன்னத்தின் இரு பக்கமும் உள்ளே விரலை ஓட்டி மிச்சச் சோற்றை எடுங்கள். நாக்கை மென்மையான தூரிகையால் நாலைந்து தரம் லேசாக வருடினால் போதும், அடிநாக்குவரை போனால் ஓங்காளிப்பார்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம். துடைக்கும்போதே புண், வெள்ளைத் திட்டு, வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் பாதிப் பயன் அந்தப் பார்வையில்தான் இருக்கிறது.

இன்னொன்று. இதே கடிதத்தில், கட்டுப்பற்கள் எல்லாவற்றையும் ஒரே பேசினில் போட்டு ஊறவைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உடனே நிறுத்துங்கள். ஒருவர் வாய்ப் பூஞ்சை எல்லோருக்கும் போகும், செட்டுகளும் மாறிப்போகும். மாறிய செட் முரசைப் புண்ணாக்கும். பேச முடியாத அம்மா அதைச் சொல்லமாட்டார், சாப்பாட்டைத்தான் ஒதுக்குவார். மூடியுள்ள தனிப் பெட்டி, மேலே பெயர். செட்டிலும் பெயர் வேண்டும்: கன்னப் பக்கம் பின்னால் ஒரு சிறு இடத்தை நகம் தேய்க்கும் அரத்தால் லேசாகச் சுரசுரப்பாக்கி, காய்ந்த பின் பென்சிலால் முதலெழுத்துகளை எழுதி, அதன்மேல் நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு தரம் மெல்லிதாகப் பூசிக் காயவிடுங்கள். முரசைத் தொடும் உட்பக்கத்தில் இதைச் செய்யக்கூடாது. சில மாதத்தில் அழியும், திரும்ப எழுதுங்கள்.

அம்மாவின் அண்ணம் கட்டுப்பல் அளவுக்கு அப்படியே சிவந்திருக்கிறது. வலி இல்லை என்கிறார். (பண்டாரவளை)

இரவும் செட்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார், சரிதானே? இது பெரும்பாலும் பூஞ்சை. இரவில் கழற்றுங்கள், பச்சைத் தண்ணீரில் அமிழ வையுங்கள், காயவும் விடாதீர்கள். முகம் குழிந்து தெரியும் என்று வெட்கப்பட்டால், விளக்கணைத்த பின் கழற்றி, விடியுமுன் கொடுங்கள். உலோகக் கம்பி இல்லாத செட் என்றால் 5 சதவீத வெளிற்றி (பிளீச்) ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து 3 நிமிடம் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, பிறகு வெறும் தண்ணீரில் விடலாம். 10 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. கம்பி இருந்தால் வெளிற்றி தொடவே கூடாது, துருப்பிடிக்கும். நிஸ்டட்டின் என்ற பூஞ்சைச் சொட்டு மருந்து வைத்தியர் எழுதித் தந்தால் செட்டைக் கழற்றிவிட்டு, வாய்க்குள் வைத்திருந்து விழுங்க வேண்டும். அம்மா வாபரின் (இரத்தம் இளக்கும் குளிசை) குடிப்பவராக இருந்தால், பூஞ்சைக்குப் பூசும் மைகோனசோல் வாய் ஜெல் ஆபத்து, இரத்தம் மிதமிஞ்சி இளகிவிடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசாதீர்கள்.

பாட்டிக்கு வாய் காய்கிறது. என்ன மருந்து?

வயது இல்லை, நோய் இல்லை, என்ன குளிசை குடிக்கிறார் என்றும் இல்லை. இப்படி எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. வாய் காய்வதற்கு முதற் காரணமே குளிசைகள்தான்: அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வு, நரம்பு வலிக் குளிசை), பிரிட்டோன் (தும்மல், அரிப்புக் குளிசை), நீர் போகும் மாத்திரை எல்லாம் எச்சிலைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். குளிசைப் பைகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். இடையில் ஒவ்வொரு மிடறாகத் தண்ணீர் கொடுக்கலாம். தேசிக்காய்த் துண்டு, புளிப்பு முட்டாசி வேண்டாம், எச்சில் இல்லாத வாயில் புளிப்பும் சீனியும் பல்லின் வேரைத் தின்றுவிடும்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பல் துலக்குவது எப்படி? (மஸ்கெலியா)

தலைமாட்டை 45 பாகைக்குக் குறையாமல் உயர்த்துங்கள், முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கன்னத்துக்கடியில் துவாய் வையுங்கள். சின்னத் தலையுள்ள மென்மையான தூரிகை, அரிசி மணியளவு பற்பசை. நுரை வர வரக் கோஸால் துடைத்தெடுங்கள். கோப்பையால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மல்லாந்த வாயில் ஊற்றிய தண்ணீர் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும். பஞ்சுத் தலையுள்ள குச்சியைக் கடித்துப் பஞ்சு கழன்று தொண்டையில் சிக்கலாம், அதனால் கோஸே நல்லது. முடிந்தபின் அரை மணி நேரம் அப்படியே நிமிர்த்தி வையுங்கள். நேரமில்லை என்றால் காலையைக் கூட விடலாம், இரவை விடக்கூடாது.

ஞாபக மறதி உள்ள தாத்தா தூரிகையைக் கடிக்கிறார், கையையும் கடிக்கிறார்.

விரலைப் பல்லுக்கு இடையில் விடாதீர்கள். முன்னால், அவர் கண்மட்டத்தில் உட்கார்ந்து, அவர் கையிலேயே தூரிகையைக் கொடுத்து, அவர் கைமேல் உங்கள் கையை வைத்து ஓட்டுங்கள். தலைக்குப் பின்னால் நின்றால் அடிக்க வருகிறார்கள் என்று பயப்படுவார். மறுத்தால் விட்டுவிட்டு அரை மணி கழித்து வாருங்கள். முன்பு இடங்கொடுத்தவர் திடீரென்று கடித்தால் உள்ளே எங்கோ வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்பது வயதுப் பாட்டி, வெற்றிலையை உரலில் இடித்துக் கேட்கிறார். இந்த வயதில் தடுப்பது பாவமில்லையா? (ஹட்டன்)

தேயிலைக் கொழுந்து எடுத்த காலமெல்லாம் வாயில் வெற்றிலையோடு நின்றவரிடம் அதிரடியாகப் பறிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் புகையிலையை நிறுத்துங்கள், அடுத்து பாக்கு. புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் தரும். "வெறும் பாக்குத்தானே" என்பது பிழை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்க ஒருபோதும் விடாதீர்கள். மாதம் ஒரு தரம் டோர்ச் அடித்து அந்தக் கன்னத்தையும் நாக்கின் ஓரத்தையும் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளை, வெல்வெட் போன்ற சிவப்பு, இரண்டு கிழமை தாண்டிய புண், வாய் திறப்பு குறைவது எதுவானாலும் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ, அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் வாய், முக சத்திரசிகிச்சைப் பிரிவுக்கோ கூட்டிப்போங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஆரம்பப் புற்று வலிக்காது. நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வரும் புற்று வாய்ப்புற்றுத்தான்.

பல் பிடுங்க நாள் கொடுத்திருக்கிறார்கள். இரத்தம் இளக்கும் குளிசையை நிறுத்தவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஐ.என்.ஆர். துண்டை (இரத்தம் உறையும் வேகத்தைப் பார்த்த பரிசோதனைத் துண்டு) கொண்டுபோய் முன்கூட்டியே காட்டிக் கேளுங்கள். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் குளிசை குடிப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள், பிடுங்கிய இடம் ஆறாமல் எலும்பு வெளியே தெரியலாம்.

பல்வலிக்குக் கறாம்பு எண்ணெய், அஸ்பிரின் வைக்கலாமா?

அஸ்பிரினை முரசில் வைத்தால் வெந்து தோல் உரியும். எண்ணெயும் அதிகமானால் அப்படியே.

தூங்குமுன் சீனி போட்ட பிளேன்டீ கேட்கிறார்.

சீனியில்லாமல் கொடுங்கள், அல்லது தேத்தண்ணி குடித்த பின் துலக்குங்கள். துலக்கிய பின் தண்ணீர் மட்டும்.

கட்டுப்பல்லின் ஒரு துண்டைக் காணவில்லை. விழுங்கியிருப்பாரோ? (பதுளை)

இதைக் கடிதத்தில் கேட்டுக் காத்திருக்கக்கூடாது. இருமல், எச்சில் வழிதல், விழுங்க முடியாமை, குரல் மாற்றம் இருந்தால் வாயால் எதுவும் கொடுக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஒன்றும் இல்லை என்றாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அக்ரிலிக் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது, "படத்தில் ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பிவிடக் கூடும். காணாமல் போனது கட்டுப்பல் துண்டு என்று வாய்விட்டுச் சொல்லி, மிச்சத் துண்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.