எட்டு வயதான குரோனோகிராஃபை இன்னும் நம்பலாமா?

கேள்வி: 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்காக, மடக்கு வகை ஒளி சென்சார் குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) ஒன்றை எட்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். இரண்டு சென்சார்களுக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி. 0.53 கிராம் பெல்லட்டுக்கு (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு) வழக்கமாக நொடிக்கு 174 மீட்டர் காட்டும்; சில மாதங்களாக 177 காட்டுகிறது. ரைஃபிளில் எதையும் மாற்றவில்லை. உள்ளரங்கில் சில நேரம் சுட்டதையே பதிவு செய்வதில்லை. கருவிக்கு வயதாகிவிட்டதா? ரேடார் வகைக்கு மாறிவிடலாமா?

பதில்: ரேடாரைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்த 3 மீட்டர் நிஜமான மாற்றமா, தற்செயலா என்பது தெரிய வேண்டும். நல்ல நிலையில் உள்ள மேட்ச் (போட்டி) ரைஃபிளின் திட்டவிலக்கம், அதாவது குண்டுக்குக் குண்டு வேகம் சராசரியிலிருந்து சிதறும் அளவு, நொடிக்கு 1 மீட்டர் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 10 குண்டுகளின் சராசரியில் உள்ள தடுமாற்றம் 0.3 மீட்டர்தான். அப்படிப்பட்ட இரண்டு சராசரிகள் தற்செயலாக 1 மீட்டர் வரை விலகலாம். 3 மீட்டர் விலகாது. ஆக, ஏதோ மாறியிருக்கிறது. மாறியது ரைஃபிளா, பெல்லட்டா, கருவியா என்பதுதான் கேள்வி.

கருவியில் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது உள்ளே இருக்கும் மின்னணுக் கடிகாரத்தை. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 174 மீட்டர் வேகத்தில் பெல்லட் 305 மில்லிமீட்டரைக் கடக்க 1.753 மில்லிநொடி ஆகும். 177 என்றால் 1.723. வித்தியாசம் 30 மைக்ரோநொடி. சாதாரண குவார்ட்ஸ் படிகம் லட்சத்தில் 5 பங்கு விலகினாலும் வேகத்தில் அது 0.01 மீட்டரைத் தொடாது. எட்டு ஆண்டுகளில் படிகம் அதைவிட மோசமாகக் கெட்டுப்போவதில்லை. வயதாவது வேறு இடங்களில்: கீல், சென்சார் மேலுள்ள கண்ணாடி, வெளிச்சம் பரப்பும் வெள்ளை டிஃப்யூசர், பேட்டரி இணைப்பு.

கருவியைப் பிரிப்பதற்கு முன் ரைஃபிளைக் கேளுங்கள். சிலிண்டர் காற்றை ஒரே அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரின் வால்வு இருக்கையில் கசிவு தொடங்கினால், சும்மா இருக்கும் நேரத்தில் உள்ளறை அழுத்தம் மெல்ல ஏறும். 5 குண்டு தொடர்ந்து சுடுங்கள். பத்து நிமிடம் ரைஃபிளைத் தொடாமல் வையுங்கள். பிறகு மீண்டும் 5. ஓய்வுக்குப் பின் முதல் குண்டு மட்டும் எகிறி, அடுத்தவை கீழே இறங்கினால் குற்றவாளி ரெகுலேட்டர். நீங்கள் எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தீர்கள் என்பது குரோனோகிராஃபுக்குத் தெரியாது அல்லவா? இதை ஒருமுறை பார்த்தால் போதாது, மூன்று முறை செய்து பாருங்கள்.

பெல்லட்டையும் எடை போடுங்கள். டப்பாவின் மேல் 0.53 என்று அச்சிட்டிருந்தாலும் ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு வரும். 20 பெல்லட்டைச் சேர்த்து நிறுத்துச் சராசரி எடுங்கள். 0.01 கிராம் குறைந்தால் வேகம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் கூடும். உங்கள் 3 மீட்டரில் பாதியை இதுவே தின்றுவிடலாம்.

இரண்டும் சரியென்றால், என் முதல் சந்தேகம் கீல்மேல்தான். மடக்கு வகைக் கருவி புத்தகம்போல் விரியும். விரியும்போது இரு பாதிகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்க, கீலின் ஓரத்தில் ஒரு தடுப்பு உண்டு. அந்தத் தடுப்பில் ஈயத்துகளும் மண்ணும் அடைத்துக்கொண்டாலோ, பிளாஸ்டிக் பிசிறு கிளம்பினாலோ கருவி முழுதாக விரியாது; நடுவில் தாழ்ந்து, இரு முனைகளும் சற்றே தூக்கி நிற்கும். அப்போது மேல்நோக்கிப் பார்க்கும் இரண்டு சென்சார்களின் பார்வைக் கோடுகளும் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். உயரே போகப் போக அவற்றின் இடைவெளி குறையும். கருவியோ இடைவெளி 305 மில்லிமீட்டர் என்றே நம்பிக் கணக்குப் போடும். ஒவ்வொரு பாதியும் ஒன்றரை டிகிரி மட்டும் தூக்கினால், சென்சாருக்கு 10 சென்டிமீட்டர் மேலே இடைவெளி 5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது. அது 1.7 சதவீதம். 174-இல் 1.7 சதவீதம் எவ்வளவு? 3 மீட்டர்!

கண்ணுக்கு இந்தச் சாய்வு சட்டென்று படாது. எஃகு ஸ்கேல் ஒன்றை நீளவாக்கில் கருவியின் மேல்முகத்தில் வையுங்கள். நடுவில் 4 மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிந்தால் அது ஒன்றரை டிகிரி. ஸ்கேல் வைக்க முடியாத வடிவம் என்றால் சுட்டே கண்டுபிடிக்கலாம். பேரல் முனையிலிருந்து கருவிக்கு உள்ள தூரத்தை மாற்றாமல், சென்சாருக்கு 5 சென்டிமீட்டர் மேலே 10 குண்டும், ஸ்டாண்டை இறக்கி 15 சென்டிமீட்டர் மேலே 10 குண்டும் சுடுங்கள். இரண்டு சராசரியும் ஒன்றாக இருந்தால் கீல் நிரபராதி. உயரத்தில் போனவை வேகமாகத் தெரிந்தால் கருவி முழுதாக விரியவில்லை. உயரத்தில் போனவை மெதுவாகத் தெரிந்தால் நேர் எதிர்: நடுவில் ஸ்டாண்டில் பொருத்தியதால் முனைகள் தொங்கிப்போயிருக்கின்றன. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலேயே பழைய கருவிகளைத் தூக்கிப் போடுகிறவர்கள் ஏராளம்.

சரிசெய்வது எளிது. தடுப்பைப் பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்யுங்கள், பிசிறைக் கத்தி முனையால் சீவுங்கள். கீலே ஆடினால் அதைச் சரியாக்க முயல வேண்டாம். 40 சென்டிமீட்டர் நீளச் சதுர அலுமினியக் குழாய் ஒன்றை அடியில் வைத்து, நேராக இருப்பதை ஸ்கேலால் பார்த்து, நான்கு திருகுகளில் நிரந்தரமாகப் பிடித்துவிடுங்கள். பொத்தல் போடுமுன் உள்ளே சர்க்யூட் பலகையும் கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். இனி மடக்க முடியாது. பை பெரிதாக வேண்டும். அளவு சரியாக வரும், அது போதும்.

இரண்டாவது சந்தேகம் முன் சென்சாரின் அழுக்கு. பேரல் முனைக்கு அருகில் இருப்பதால் ஈயத்துகளை அதிகம் வாங்குவது அதுதான். அழுக்கேறிய சென்சார் பெல்லட்டின் நிழலைத் தாமதமாகவே உணரும்: முனை வரும்போது அல்ல, உடல் பாதி கடந்த பிறகு. முன் சென்சார் தாமதித்தால் கடிகாரம் பிந்தித் தொடங்குகிறது, கிடைக்கும் நேரம் குறைகிறது, வேகம் கூடுதலாகத் தெரிகிறது. பின் சென்சார் அழுக்கானால் இதற்கு நேர்மாறு. மேட்ச் பெல்லட்டின் நீளம் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதால், ஒரு சென்சார் முனையையும் மற்றது வாலையும் பிடித்தால் இந்தப் பிழையும் ஒன்றரை சதவீதத்தைத் தாண்டும். துல்லியக் குறைவோடு பதிவு செய்யாமல் விடுவதும் சேர்ந்தே வந்தால், எனக்கு இந்தச் சந்தேகம் பலமாகிவிடும்.

சுத்தம் செய்யும்போது வாயால் ஊதாதீர்கள். அது ஈயத்துகள், மூச்சில் போகக் கூடாது. கையுறை அணிந்து, ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, சென்சார் குழிக்குள் ஈரப் பஞ்சுக்குச்சியை ஒரே திசையில் சுழற்றுங்கள். லென்ஸும் டிஃப்யூசரும் அக்ரிலிக்காக இருக்கலாம் என்பதால் ஆல்கஹால், தின்னர் எதுவும் வேண்டாம். மேல்பரப்பு நுண்ணிய விரிசல் விடும். ஒரு துளி மென்மையான சோப்பு கலந்த தண்ணீர் போதும். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உள்ளரங்கில் பதிவாகாமல் போவதற்கு வெளிச்சமே பெரும்பாலும் காரணம். மாறுமின்னோட்டத்தில் எரியும் டியூப் லைட் நொடிக்கு 100 அல்லது 120 தடவை மங்கித் தெளியும், மலிவான எல்.இ.டி. விளக்குகளும் அப்படியே. சென்சார் தேடுவது நொடிப்பொழுது மங்கலைத்தான் என்பதால், விளக்கின் துடிப்பிலேயே குழம்பும். டிஃப்யூசரின் மேலே பேட்டரியில் எரியும் எல்.இ.டி. பட்டைகளை, இரு சென்சார்களுக்கும் சமமாக வரும்படி ஒட்டுங்கள். மங்கலாக்கும் கட்டுப்பாட்டுக் கருவி எதையும் நடுவில் இணைக்காதீர்கள்; அதுவும் துடிக்கும். டிஃப்யூசர் மஞ்சளித்திருந்தால் மாற்றுங்கள். உற்பத்தியாளரிடம் கிடைக்காவிட்டால், பால் வெள்ளை பாலிப்ரோப்பிலீன் தகட்டை அதே அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

திரையில் 340-ஐ ஒட்டி எண் வந்தால் அது பெல்லட் அல்ல. 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். பேரல் முனையிலிருந்து பெல்லட்டை முந்திக்கொண்டு வந்த அழுத்த அலையைக் கருவி எண்ணியிருக்கிறது. தள்ளி வையுங்கள். ஏர் ரைஃபிளுக்கு 1 மீட்டர் போதும். நெருப்புத் துப்பாக்கிகளுக்கு, அதிலும் சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி மையத்தில் தட்டிச் சுடும் வகை) ரைஃபிளுக்கு, 3 முதல் 5 மீட்டர் வேண்டும்.

பேட்டரி விஷயம் சின்னது. 9 வோல்ட் பேட்டரி 8-க்குக் கீழே போனதும் மாற்றிவிடுங்கள், கருவியை எடுத்து வைக்கும்போது கழற்றிவிடுங்கள். அல்கலைன் கசிந்து வெள்ளைப் பூப் பூத்திருந்தால் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

நீண்ட நாள் வைத்திருக்கிறவருக்கு உண்மையில் வேண்டியது ஓர் ஒப்பீட்டு டப்பா. 500 பெல்லட் கொண்ட ஒரே தொகுதி டப்பா ஒன்றை வாங்கி, சோதனைக்கு மட்டுமென்று எழுதி, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து 20 குண்டு. ஆறு ஆண்டுக்கு வரும். நோட்டில் தேதி, வெப்பநிலை, சிலிண்டர் அழுத்தம், எந்த விளக்கு, பேரல் முனையிலிருந்து முன் சென்சாருக்கு எத்தனை சென்டிமீட்டர், பெல்லட் போன உயரம், சராசரி, திட்டவிலக்கம். தூரத்தை எழுதாதவர்களே அதிகம். தட்டைத்தலை பெல்லட் ஒரு மீட்டர் போவதற்குள் நொடிக்கு சுமார் 2 மீட்டர் வேகத்தை இழந்துவிடும். நேற்று அரை மீட்டரில் வைத்ததை இன்று இரண்டு மீட்டரில் வைத்துவிட்டு ரெகுலேட்டரைத் திட்டுவதில் நியாயமில்லை.

நண்பரின் கருவியோடு ஒப்பிட விரும்பினால், இரண்டையும் வரிசையாக வைத்து ஒரே குண்டை இரண்டின் வழியாகவும் சுடுங்கள். 10 குண்டுக்குப் பின் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றி இன்னும் 10. இரு வரிசைகளிலும் உங்கள் கருவியின் எண்ணிலிருந்து அவருடையதைக் கழித்து, இரண்டின் சராசரியை எடுத்தால், தூரத்தால் வந்த இழப்பு அடிபட்டுப்போய், கருவிகளுக்கிடையே உள்ள உண்மையான வேறுபாடு மிஞ்சும்.

திட்டவிலக்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 10 குண்டில் 1.0 வந்தால், உண்மை மதிப்பு 0.7 முதல் 1.8 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதே 95 சதவீத நம்பிக்கைக்கான கணக்கு. 5 குண்டில் 0.6 முதல் 2.9 வரை. எனவே ஐந்து குண்டு சுட்டுவிட்டு ஒரு பெல்லட் மற்றதைவிடச் சீரானது என்று முடிவு கட்டாதீர்கள். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒப்பிடுவது இன்னும் மோசம். குண்டு கூடக் கூட அது தானாகவே விரியும்.

பழைய கருவிகள் உண்மையில் சாவது முதுமையால் அல்ல, குண்டடி பட்டு. மேட்ச் ரைஃபிளின் சைட் பேரலுக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. சைட்டில் பார்க்கும்போது சென்சாருக்கு மேல் தாராளமாக இடம் தெரியும். பெல்லட்டோ ஒரு மீட்டர் தூரத்தில் அதைவிட அத்தனை சென்டிமீட்டர் கீழே போய்க் கருவியில் அடிக்கும். குண்டு போடாத ரைஃபிளை, போல்ட் திறந்து அறை காலி என்று பார்த்தபின் தாங்கியில் வைத்து, பேரல் முனையின் உயரத்திலிருந்து இலக்கின் மையத்துக்கு ஒரு நூல் கட்டுங்கள். நூல் சென்சாருக்கு 10 சென்டிமீட்டர் மேலே, நடுவில் போகும்படி கருவியை வையுங்கள். நூலோடு கருவி ஒரே திசையில் இருக்கட்டும்; 5 டிகிரி கோணினால் 0.4 சதவீதம் குறைத்துக் காட்டும். நூலை அவிழ்த்து எல்லாரும் பின்னால் வந்த பிறகே குண்டு போடுங்கள்.

இப்போது ரேடார். வெளிச்சம், கீல், நிழல் மூன்று தொல்லையும் அதற்கில்லை. லேப்ரேடார், கார்மின் ஸீரோ போன்றவை 0.1 சதவீதத் துல்லியம் என்று அறிவிக்கின்றன. ஆனால் வேறு வகையில் வயதாகும். ஸீரோவின் பேட்டரி உள்ளேயே பூட்டியிருக்கிறது. லித்தியம் செல் என்பதால் மாதக்கணக்கில் எடுத்து வைக்கும்போது முழுதாக ஏற்றாமல், முழுதாக வடியவும் விடாமல், பாதி அளவில் வையுங்கள். முதல் தலைமுறை லேப்ரேடாரில் சாதாரண ஏ.ஏ. செல்கள்தான், ஆனால் ஏர் ரைஃபிளின் மெல்லிய சத்தத்தை அது தவறவிடும் என்பதால் சுட்டதை உணர்ந்து ரேடாருக்குச் சொல்லும் தனி டிரிக்கர் பெரும்பாலும் வேண்டியிருக்கும். உங்கள் தேவை, இருக்கும் ரைஃபிள் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமென்றால், அலுமினியக் குழாய் பிடித்த பழைய கருவியும் ஓர் ஒப்பீட்டு டப்பாவும் போதும். அடிக்கடி இடம் மாறிச் சுடுகிறவர், வெவ்வேறு வெளிச்சத்தில் அளக்க வேண்டியவர், உயரச் சோதனையில் தேறாத கீலைச் சரிசெய்ய முடியாதவர் என்றால் ரேடாருக்குப் போங்கள். போனாலும் பழையதை உடனே விற்காதீர்கள். இரண்டிலும் ஒரே குண்டை அளந்து, வேறுபாட்டை நோட்டில் எழுதிய பிறகு விற்றால்தான் எட்டு ஆண்டுப் பதிவுகளைப் புதிய எண்களோடு ஒப்பிட முடியும்.