பிட் வழுக்கினால் சக் போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி: என் பேட்டரி டிரில்லில் பிட் (துளையிடும் கம்பி) நிற்கவே மாட்டேன் என்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் பாதித் துளையில் வழுக்குகிறது. மெல்லிய பிட் போட்டால் முனை ஆடுகிறது. பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் முன்பகுதியான சக்கை மட்டும் தனியாக மாற்ற முடியாது, கியர் பாக்ஸோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், அதற்குப் புது டிரில்லே வாங்கிவிடலாம் என்கிறார். இணையத்தில் ‘எல்லா டிரில்லுக்கும் பொருந்தும்’ என்று ஒரு சக் விற்கிறார்கள். அதை வாங்கி நானே மாட்டிவிடலாமா?

பதில்: நீங்களே மாட்டலாம். பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன், பழுது சக்கில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ‘சக் போய்விட்டது’ என்று கொண்டுவரப்படும் டிரில்களில் பலவற்றில் சக் நன்றாகவே இருக்கும்.

ஒரு மரக்கட்டையில் துளையிட்டுக்கொண்டே சக்கைக் கவனியுங்கள். பிட் நிற்கும் கணத்தில் சக் சுற்றிக்கொண்டிருக்கிறதா, அதுவும் நின்றுவிட்டதா? சக் சுற்ற, பிட் மட்டும் நின்றால் பிடிப்பில் குறை. சக்கும் சேர்ந்து நின்று, உள்ளே கடகடவென்று சத்தம் மட்டும் வந்தால் அது கிளட்ச், அதாவது பாரம் அதிகமானால் சுழற்சியை விடுவிக்கும் பாகம். சக்குக்குப் பின்னால் எண்கள் பொறித்த வளையம் இருக்கிறதே, அதைத் துளையிடும் படம் போட்ட இடத்துக்குத் திருப்பினால் கதை முடிந்தது. ஸ்குரூ முடுக்குவதற்காகச் சிறிய எண்ணில் வைத்துவிட்டு, மறந்துபோய்த் துளையிட ஆரம்பித்தவர்களுக்குப் புதுச் சக் மாட்டிக் காசு வாங்கிய புண்ணியவான்கள் இருக்கிறார்கள். சக்கை மாற்றும் சாக்கில் வளையத்தையும் திருப்பி வைத்துவிடுவார்கள். டிரில் ஓடும். வாடிக்கையாளரும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் பிட்தான் வழுக்குகிறது என்று தெரிகிறது. அப்படியானால் பிட்டின் தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே வழுக்கிய தண்டில் சுற்றிலும் கீறல் விழுந்து, விளிம்பு பிசிறடித்திருக்கும். அந்தப் பிசிறோடு மறுபடி மாட்டினால் எந்தச் சக்கும் அதை நேராகப் பிடிக்காது. அரத்தால் பிசிறை எடுங்கள், அல்லது பிட்டைத் தூக்கிப் போடுங்கள். பருமனான, வழவழப்பான உருண்டைத் தண்டுகள் கையால் இறுக்கும் சக்கில் வழுக்குவது ஊரறிந்த விஷயம். மூன்று பக்கம் பட்டையாகத் தேய்த்த தண்டோ, அறுகோணத் தண்டோ வாங்கினால் பாதிப் புகார் அடங்கிவிடும். இறுக்கும்போது சில சக்குகள் ‘கிளிக் கிளிக்’ என்று ஒலிக்கும். ஏதோ உடைகிறது என்று பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அது பூட்டு விழும் ஒலி. அதைத் தாண்டி இறுக்கினால்தான் பிடிப்பே வரும்.

மெல்லிய பிட் ஆடுவதற்கும் பெரும்பாலும் எளிய காரணம்தான். சக்கின் வாயில் பிட்டைக் கவ்வும் மூன்று தாடைகளையும் மெதுவாக மூடியபடி வெளிச்சத்தில் பாருங்கள். 2 மில்லிமீட்டர் பிட் மூன்று தாடைகளும் சந்திக்கும் நடுவில் உட்காராமல், இரண்டு தாடைகளுக்கு இடையேயுள்ள சந்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் இறுகியதுபோலவே இருக்கும். டிரில்லை ஓட்டினால் முனை வட்டம் போடும். சரியாக உட்கார்ந்த பின்னும் ஆடினால், பிட்டைக் கழற்றி ஒரு கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள். வளைந்த பிட் தத்தித் தத்தி உருளும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது தூசி. தலைக்கு மேலே சுவரிலோ கூரையிலோ துளையிட்டால் சிமெண்ட் தூள் நேராகச் சக்கின் வாய்க்குள்தான் கொட்டும். தாடைகள் சரியும் தடங்களில் அது கெட்டித்துப்போனால் அவை முழுதாக மூடாது. பேட்டரியைக் கழற்றுங்கள். தாடைகளை முழுவதும் விரித்து, சக்கின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, ஒரு மரக்கட்டையால் பக்கவாட்டில் தட்டுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடையுங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஒரு சொட்டு, தடங்களில் மட்டும். பத்து இருபது தடவை திறந்து மூடி, மிச்ச எண்ணெயைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெயை ஊற்றிக் குளிப்பாட்டினால் அடுத்த துளையின் தூசி அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும். பிடிக்கும் முகத்தில் எண்ணெய் இருந்தால் பிட் இன்னும் அதிகமாக வழுக்கும். கிரீஸ் வேண்டவே வேண்டாம்.

இத்தனைக்குப் பின்னும் வழுக்கினால் தாடைகளின் விளிம்பைப் பாருங்கள். கூராக இருக்க வேண்டிய இடம் மழுங்கிப் பளபளத்தாலோ, ஒரு தாடை மற்ற இரண்டைவிட உள்ளே தங்கிவிட்டாலோ சக் முடிந்தது. மாற்ற வேண்டியதுதான்.

இனி உங்கள் பழுது பார்ப்பவர் விஷயம். சக்கைத் தனியாக மாற்ற முடியாது என்று அவர் சொல்வது பெரும்பாலான டிரில்களுக்குப் பொருந்தாது. சாதாரணமாகச் சக் என்பது ஸ்பிண்டிலின் (டிரில்லின் முன்னே நீளும் சுழலும் தண்டின்) மரையில் ஏறி உட்காரும் தனிப் பொருள். அது கழன்றுவிடாமல் உள்ளே ஒரு ஸ்குரூ காவலுக்கு இருக்கும், அவ்வளவுதான். இருந்தும் கியர் பாக்ஸோடு சேர்த்து விற்க ஏன் ஆசைப்படுகிறார்கள்? சேர்த்து விற்றால் பில் பெரிதாகிறது. தயாரிப்பாளர்களும் இதற்கு உடந்தை. பெட்டிக்குள் பல மொழிகளில் தடிமனான கையேடு வைப்பார்கள். டிரில்லைத் தண்ணீரில் போடாதே என்று ஒவ்வொரு மொழியிலும் எழுதியிருக்கும். சக்கின் மரை அளவு என்ன, காவல் ஸ்குரூ எந்தப் பக்கம் கழலும் என்ற ஒரு வரிக்கு மட்டும் இடம் இருக்காது. அந்த ஒரு வரி இருந்தால் எத்தனை நல்ல டிரில்கள் குப்பைக்குப் போகாமல் இருக்கும்!

அந்த வரியை நான் எழுதிவிடுகிறேன்: உள்ளே இருக்கும் ஸ்குரூ இடது மரை. அதாவது, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ‘துருப்பிடித்துவிட்டது’ என்று சொல்லி இடப்பக்கமாகவே பலங்கொண்ட மட்டும் முறுக்கி, தலையைச் சிதைத்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம். காரணம் இருக்கிறது. டிரில்லைப் பின்னோக்கிச் சுற்ற விடும்போது சக் கழலப் பார்க்கும். அது கழலும் அதே அசைவு இடது மரை ஸ்குரூவை இன்னும் இறுக்கும். சக் தப்பிக்க முடியாது.

தாடைகளை முழுவதும் விரித்து, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவரை ஆழமாக நுழைத்து, அழுத்திப் பிடித்து வலப்பக்கம் திருப்புங்கள். மரையில் பசை போட்டிருப்பார்கள், முதல் அசைவு கடினமாகத்தான் இருக்கும். அசையவே இல்லையென்றால் சால்டரிங் அயர்ன் முனையை ஸ்குரூ தலையில் சிறிது நேரம் வைத்துச் சூடாக்குங்கள், பசை இளகும். தீச்சுடர் காட்டாதீர்கள், வெளியிலுள்ள பிளாஸ்டிக் உருகிவிடும்.

ஸ்குரூ வந்ததும் சக்கின் முறை. இது சாதாரண வலது மரை. டிரில்லைக் குறைந்த வேகக் கியரில், துளையிடும் நிலையில் வையுங்கள். பேட்டரி கழன்றே இருக்கட்டும். பெரிய ஆலன் கீ (L வடிவ அறுகோணச் சாவி) ஒன்றின் குட்டைக் கையைச் சக்கில் மாட்டி நன்றாக இறுக்குங்கள், 10 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. சக்கின் வாய் உங்களைப் பார்த்திருக்க, நீண்ட கை உங்கள் இடப்பக்கம் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன் நுனியில் சுத்தியலால் மேலிருந்து கீழே சட்டென்று ஒரு அடி. மெதுவாக அழுத்தித் தள்ளினால் உள்ளே உள்ள ஸ்பிண்டில் பூட்டின் மீதுதான் பாரம் முழுவதும் இறங்கும். வேகமான சிறு அடி மரையை மட்டும் உலுக்கும். இரண்டு மூன்று அடியில் இளகிவிடும், பிறகு கையாலேயே சுழற்றி எடுக்கலாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கவனிக்காமல் சுத்தியலைத் தூக்கியவர்கள் டிரில்லையே இழந்திருக்கிறார்கள். சக்குக்குள் பார்க்கிறீர்கள், ஸ்குரூ தெரியவில்லை. உடனே ‘என் டிரில்லில் ஸ்குரூ இல்லை, நேராக அடிக்கலாம்’ என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு ஆணி முனையால் அடியைச் சுரண்டுங்கள். சிமெண்ட் தூளும் எண்ணெயும் கலந்து கெட்டித்தால் ஸ்குரூ தலையின் மேல் சாம்பல் நிறத் தட்டாகப் படிந்து, பார்ப்பதற்கு வெறும் இரும்புத் தரை போலவே இருக்கும். சுரண்டியதும் தலையின் வெட்டு தெரிந்தால் மேலே சொன்னபடி செய்யுங்கள். நன்றாகச் சுரண்டிய பின்னும் சுத்தமான வழவழப்பான உலோகம்தான் தெரிகிறது, டிரில் பின்னோக்கியும் சுற்றக்கூடியது என்றால், கையை எடுத்துவிடுங்கள். சில டிரில்களில் சக்கும் ஸ்பிண்டிலும் ஒன்றாகவே செய்யப்பட்டிருக்கும். கழற்ற மரையே இருக்காது. இவற்றை அடித்தால் அடி நேராக உள்ளே உள்ள கியர்களுக்குப் போகும். வெளியிலிருந்து கண்டுபிடிக்க ஓர் அடையாளம்: சாதாரணச் சக்குக்கும் கிளட்ச் வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும், அதில் ஸ்பிண்டிலின் உலோகம் கோடாகத் தெரியும். ஒன்றாகச் செய்த வகையில் பெரும்பாலும் அந்த இடைவெளி தெரியாது. உங்களுடையது அந்த வகை என்றால் பழுது பார்ப்பவர் சொன்னது சரி, அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வகைக்குத் தயாரிப்பாளரின் உதிரிபாகம்தான் ஒரே வழி. சக்கைப் பிடித்திழுத்தால் கழன்று வரும் வகை டிரில்களும் இருக்கின்றன, அவற்றில் இந்தப் பிரச்சினையே இல்லை.

சக் கழன்றதும், புதியதை வாங்க ஓடுவதற்கு முன் பேட்டரியைப் போட்டு, வெறும் ஸ்பிண்டிலை மிக மெதுவாகச் சுற்ற விட்டுப் பாருங்கள். நேரான ஸ்பிண்டில் சுற்றுவதே தெரியாமல் நிற்கும். நுனி வட்டம் போட்டால் ஸ்பிண்டில் வளைந்திருக்கிறது, எந்தச் சக்கை மாட்டினாலும் பிட் ஆடத்தான் செய்யும். கையால் பக்கவாட்டில் அசைத்தால் தெரியும் சிறு ஆட்டம் மட்டும் இயல்பானது. அதைக் காட்டி உங்களிடம் கியர் பாக்ஸ் விற்க வருவார்கள். மயங்காதீர்கள்.

‘எல்லா டிரில்லுக்கும் பொருந்தும்’ என்ற சக்குக்கு வருவோம். அப்படி ஒன்று கிடையாது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் 13 மில்லிமீட்டர் என்றிருக்கும். அது தாடை எவ்வளவு பருமனான பிட்டைப் பிடிக்கும் என்பதற்கான அளவு. உங்கள் டிரில்லில் ஏறுமா என்பதை மரைதான் முடிவு செய்யும். பேட்டரி டிரில்களில் அதிகம் காணப்படுவது இரண்டு: ஒன்று, அரை அங்குலத் தண்டில் அங்குலத்துக்கு 20 மரை; மற்றது, எட்டில் மூன்று அங்குலத் தண்டில் அங்குலத்துக்கு 24 மரை. வெர்னியர் அளவுகோலில் ஸ்பிண்டிலை அளந்தால் முதலாவது 12.7 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், இரண்டாவது 9.5க்குப் பக்கத்திலும் காட்டும். அரை அங்குலமும் 13 மில்லிமீட்டரும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால்தான் இந்தக் குழப்பம் விற்பனையாளர்களுக்கு இவ்வளவு வசதியாகிவிட்டது. 10 மில்லிமீட்டர் பிடிக்கும் சக்கிலும் அரை அங்குல மரை உண்டு. 12 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரைகளும் உண்டு. அவற்றை அங்குல மரையோடு சேர்த்து முறுக்கினால் இரண்டும் பாழ். பெரும்பாலும் பழைய சக்கின் உடலிலேயே பிடிக்கும் அளவும் மரையும் பொறித்திருக்கும், துடைத்துவிட்டுப் படியுங்கள். விற்பவர் மரை அளவைச் சொல்ல மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

வாங்கும் சக்கின் அடியில் காவல் ஸ்குரூ நுழைய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மலிவானவற்றில் சில ஓட்டையில்லாமல் வரும். ஓட்டையில்லாத சக், டிரில் பின்னோக்கிச் சுற்றும்போது கழன்று வரும். ஹேமர் (இடித்துத் துளையிடும் முறை) போட்டுச் சுவரில் துளையிடுபவர் என்றால் அதற்கு ஏற்றது என்று குறிப்பிட்டதையே வாங்குங்கள். கையால் இறுக்குவது பிடிக்கவில்லையென்றால் சாவி போட்டு இறுக்கும் சக்கும் அதே மரையில் கிடைக்கும். ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902இல் உருவாக்கிய அந்த வடிவம்தான் இன்றும் பிடிப்பில் கெட்டி. ஒரு துளையில் மட்டும் சாவி போட்டு நிறுத்தாமல் மூன்று துளையிலும் இறுக்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன் ஸ்பிண்டில் மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். புதுச் சக் கடைசி வரை கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடுவில் கடித்தால் நிறுத்துங்கள், மரை அளவு தவறு. அடியில் உட்கார்ந்ததும் ஆலன் கீயின் நீண்ட கையை இப்போது வலப்பக்கம் நீட்டி, மேலிருந்து ஒரு லேசான தட்டு. காவல் ஸ்குரூவில் நீல நிற மரைப் பசை ஒரு சொட்டு விட்டு, இடப்பக்கமாகத் திருப்பி இறுக்குங்கள். சிவப்பு நிறப் பசை போட்டால் அடுத்த முறை கழற்றும்போது என்னைத்தான் திட்டுவீர்கள். ஒரு நாள் காய விடுங்கள். பிட்டை மாட்டும்போது சக்கைக் கையால் பிடித்துக்கொண்டு டிரில்லை ஓட்டி இறுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தாடை தேய்வதற்கும் மணிக்கட்டு சுளுக்குவதற்கும் அது சுருக்கு வழி.

முதல் நாள் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, தாடைகளை விரித்து, உள்ளே உள்ள ஸ்குரூ அசைகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அசைந்தால் இடப்பக்கமாக இறுக்குங்கள்.